அண்ணனின் பகா எண்

என் அடையாள அட்டை எண்ணை நான் வெறுத்ததற்கு முழுக் காரணம் மாமாதான். அம்மாவின் தம்பி. ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டு, வாரக் கடைசியில் அழுக்குத் துணி மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

அந்த ஆண்டு மலாய்ப் பாடம் அண்ணனின் காலை வாரிவிட்டிருந்தது. கூடப் படித்தவர்கள் எல்லாரும் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போக, இவன் மட்டும் மலாயில் தேறாதவர்களுக்கான புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார வேண்டியதாயிற்று. வீட்டில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். ஒரு சனிக்கிழமை மாமா அவனுடைய ஐசியை, அதாவது அடையாள அட்டையை வாங்கி, பன்னிரண்டு இலக்கங்களையும் ஒரே எண்ணாகச் சேர்த்து வாசித்தார்.

"டேய், இது பகா எண்டா. ஒன்னையும் தன்னையும் தவிர வேற எதாலயும் இதை வகுக்க முடியாது. எல்லாருக்கும் இப்படி அமையாது லா."

அன்று அண்ணன் எழுந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். அதோடு விட்டானா? பகா எண்காரன் பின்னால் உட்காரக்கூடாது என்று சட்டம் போட்டு, காரின் முன்சீட்டையும் பிடித்துக்கொண்டான். அம்மாவுக்குப் பின்சீட்டில் தூங்கத்தான் பிடிக்கும் என்பதால் முன்சீட்டுக்கு எப்போதும் எங்கள் இருவருக்கும்தான் போட்டி. சித்திரைப் புத்தாண்டுக்கு சிகாமட்டில் பெரியப்பா வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரமும் அவன் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டு போவதா?

பிறப்புச் சான்றிதழிலேயே போட்டிருந்த என் எண் நான்கில் முடிந்தது. இரண்டாலேயே வகுபட்டுவிடும், மானக்கேடு. நல்லவேளை, எனக்கும் பன்னிரண்டு வயது ஆகியிருந்தது. ஐசி எடுக்கப் பதிவு இலாகாவுக்குப் போனபோது, கடைசி இலக்கத்தை மட்டும் ஒற்றைப்படையாக மாற்றித் தர முடியுமா என்று முகப்பில் இருந்த மலாய்க்கார அக்காவிடம் பணிவாகக் கேட்டேன். அவர் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். ஆண்களுக்கு ஒற்றைப்படை, பெண்களுக்கு இரட்டைப்படை, வேண்டுமானால் பையனாகப் பிறந்து வா என்றார். ஆக, நாடு முழுக்க ஒரு பெண்ணின் ஐசிக்கும் பகா எண் வாய்க்காது. அப்பா கார் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தில் வீட்டுக்கு வந்ததும் அண்ணனின் எண்ணை எடுத்து இலக்கங்களைக் கூட்டினேன். முப்பத்தொன்பது. கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபடும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விடாமல் நீள்வகுத்தலும் போட்டு, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்துத் தாளை நீட்டினேன்.

"மூணால வகுபடுது. மிச்சமே இல்ல."

அண்ணன் சாப்பிடாமல் தாளை வாங்கி, அவனே ஒருமுறை வகுத்துப் பார்த்தான். பிறகு மடித்து என்னிடமே கொடுத்தான்.

"நீயே முன்னால உக்காரு" என்றான்.

சிகாமட் வரைக்கும் ராணி மாதிரி முன்சீட்டில் போனேன். பின்னால் மாமா அண்ணனின் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தார். பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறவருக்கு மூன்றால் வகுக்கத் தெரியவில்லையே என்று வழியெல்லாம் அவரைக் கிண்டல் செய்துகொண்டே போனேன்.

"ஆமா லா, கவனிக்கல" என்றார் மாமா. நான் அதையும் நம்பினேன்.