முருகேசன் அண்ணனின் மூன்று மாதச் சர்க்கரை

ரத்தம் எடுக்கிற வேலையில் ஆட்களின் முகம் மறந்துபோகும், முழங்கை மடிப்பு மறக்காது. குவைத்தில் ஃபஹாஹீல் பக்கம் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஊசிக்குக் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும், ரிசல்ட் பேப்பரில் தடித்த எழுத்தைக் கண்டு அர்த்தம் கேட்டு அலைந்தவர்களும் இதைப் படிக்கலாம். அதாவது, நாம் எல்லோரும்.

வெறும் வயிறு

கம்பெனித் தொழிலாளர் கேம்ப் பஸ்ஸில் வந்து இறங்குகிற ஆட்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எதுவும் சாப்பிடலையே?" என்பதுதான். "இல்லை" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். அவர்களில் பாதிப் பேரின் மீசையில் ரஸ்க் தூள் இருக்கும். இன்னும் சிலர் டெஸ்ட்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் சாதுவாக இருந்துவிட்டு வருவார்கள். அவர்களைப் பிடிக்கத்தான் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஏ1சி டெஸ்ட். இரண்டு நாள் விரதம் அதனிடம் செல்லாது. அந்த டெஸ்ட்டின் மேல் எனக்கு ஒரு போலீஸ்காரப் பெருமையே இருந்தது.

ஒரு நாள் ஒரு டிரைவரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "டீயும் ரெண்டு ரஸ்க்கும்தான். அதெல்லாம் சாப்பாட்டுக் கணக்குல வருமா சிஸ்டர்?"

கிரேன் ஆள்

முருகேசன் அண்ணன் ராமநாதபுரத்துக்காரர். கம்பெனியில் கிரேன் ஆபரேட்டர். வருடாந்திர மெடிக்கலுக்கு வந்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 94. நல்ல நம்பர். மூன்று மாதச் சராசரி 6.8. சர்க்கரை நோய் என்று சொல்லத் தக்க நம்பர். ஒன்று நல்லவன் என்கிறது, இன்னொன்று கள்ளன் என்கிறது. நான் யோசிக்கவே இல்லை. இதுவும் இரண்டு நாள் சாது என்று முடிவுகட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்து மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட், அதுவரை கிரேனில் ஏறக் கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. பதினோரு வருஷம் கேபினில் உட்கார்ந்தவரைக் கீழே நின்று கயிறு கட்டச் சொன்னார்கள். மறு டெஸ்ட்டிலும் குறையாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சும் இருந்தது. பேப்பரை வாங்க வந்த ஃபோர்மேன் அவர் தோளைத் தட்டி, 'முடிந்தது' என்பதை மட்டும் அரபியில் வைத்துச் சுருக்கமாகச் சொன்னார்: "முருகேசன் பாய், ஷுகர் ஜாஸ்தி. கிரேன் கலாஸ்."

எட்டுப் பேர் வைத்தியம்

அவர் ரூமில் அவரைத் தவிர எட்டுப் பேர். சர்க்கரை என்று கேட்டதும் எட்டுப் பேரும் டாக்டராகிவிட்டார்கள். ஒருவர் சோற்றை நிறுத்தினார். இன்னொருவர் பால் டீயை நிறுத்தினார். தயிர் ஆகாது என்றார் மூன்றாமவர். அண்ணன் தன் மனைவியின் ஆபரேஷனுக்காகப் பழநி முருகனுக்கு வேண்டிக்கொண்டதில் கறி, மீன், முட்டை எல்லாம் ஆறு வருஷத்துக்கு முன்பே நின்றுபோயிருந்தன. மிச்சம் இருந்தது குப்பூஸ் ரொட்டி, பருப்புத் தண்ணீர், சீனி போடாத சுலைமானி என்கிற கட்டன் டீ. மூன்று மாதம் அதிலேயே ஓட்டியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

மறு டெஸ்ட்டுக்கு வந்தபோது பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார். கையை நீட்டியபடி பெருமையாகச் சொன்னார்: "இந்தத் தடவ பாருங்க சிஸ்டர், சுகரு பயந்து ஓடியிருக்கும்."

7.3

ஓடவில்லை. ஏறியிருந்தது. நான் அவரை உட்காரவைத்து ஒரு பாட்டம் திட்டினேன். ஓண விருந்தில் பாயசமா, பிறந்தநாள் கேக்கா, மெஷினிடம் மறைக்க முடியாது அண்ணே என்றேன். அவர் சத்தியம் செய்தார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஊரில் இருக்கிற மனைவியும் நம்பவில்லையாம். தினமும் வீடியோ காலில் தட்டைக் காட்டச் சொல்வாராம். காட்டிவிட்டு அப்புறம் வேறு எதையோ தின்கிறார் என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம். ரூம்காரர்கள் அவர் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். வேலை போவதைவிட இதுதான் அவரை அறுத்தது. எழுந்து நின்று சொன்னார்: "தின்னுட்டுத் திட்டு வாங்குனா பரவால்ல சிஸ்டர். பட்டினி கெடந்துட்டுத் திட்டு வாங்குறதுதான் தாங்கல."

தர்ஷினி கேட்ட கேள்வி

என்னோடு வேலை செய்கிற தர்ஷினி யாழ்ப்பாணத்துப் பெண். பேச்சு குறைவு, கண் கூர்மை. ஏ1சி பார்க்கிற அதே ஊதா மூடி டியூபில் ரத்த அணுக்களையும் எண்ணுவோம். அந்தப் பேப்பரைப் புரட்டியவள் ஒரு வரியில் விரலை வைத்தாள். சிவப்பணுக்களின் பருமன், பக்கத்தில் 'அதிகம்' என்ற குறி. பழைய ரிப்போர்ட்டை எடுத்தேன். அதிலும் அதே குறி. கீழே என் கையெழுத்து.

விஷயம் இதுதான். சர்க்கரை சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும்; அந்த ஒட்டலைத்தான் ஏ1சி அளக்கிறது. உடம்பில் பி12 வைட்டமின் குறைந்தால் புது அணுக்கள் சரியாகப் பிறப்பதில்லை; பிறப்பவையும் பெருத்துப்போகும். கிழட்டு அணுக்களே ரத்தத்தில் அதிகம் சுற்றிக்கொண்டிருக்கும். இந்த ஊரில் பார்க்கிங்கில் பல நாள் கிடந்த காரில் தூசி அதிகம் இருப்பது போல, அவற்றின் மேல் சர்க்கரையும் அதிகம் படிந்திருக்கும். டெஸ்ட் அதைப் பார்த்துச் சர்க்கரை கூடிவிட்டது என்று சொல்லும். அந்த வைட்டமின் இருப்பது மீன், முட்டை, கறி, பாலில். அண்ணன் ஒன்றுவிடாமல் நிறுத்திய அதே பொருள்களில். இது எனக்குப் பாடப் புத்தகத்தில் தெரியும். மனிதர் எதிரில் உட்கார்ந்திருந்தபோது தெரியவில்லை. தர்ஷினி மெதுவாகத்தான் கேட்டாள்: "அக்கா, சீனியை விடுங்கோ. இந்தாளின்ர அணுவெல்லாம் ஏன் இப்பிடிப் பெருத்துக் கிடக்குது?"

கால்

ஓடிப்போய் டாக்டரிடம் காட்டினேன். எங்கள் டாக்டர் நாகர்கோவில் அம்மா. பி12 பார்க்கச் சொன்னார், தரையில் கிடந்தது. அண்ணனைக் கூப்பிட்டு, காலில் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். முதலில் இல்லை என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, எட்டு மாதமாகப் பாதம் மரத்துப்போகிறது, செருப்பு கழன்றால்கூடச் சில நேரம் தெரிவதில்லை என்று ஒத்துக்கொண்டார். சொன்னால் கிரேனில் ஏற்ற மாட்டார்கள் என்று மறைத்திருக்கிறார். அதுவும் அந்த வைட்டமின் செய்கிற வேலைதான். கிரேனில் பிரேக்கை மிதிப்பது அந்தக் கால்தான்.

அவர் சொன்னது உண்மை என்று நிரூபித்த சந்தோஷத்தில் இருந்த என்னை டாக்டர் ஒரே வாக்கியத்தில் உட்காரவைத்தார்: "நம்பர்தான் தப்பும்மா, அவரைக் கீழே இறக்குனது தப்பில்ல."

வீட்டுக்கு ஒரு வார்த்தை

டாக்டர் கம்பெனிக்குக் கடிதம் எழுதி நேரம் வாங்கிக் கொடுத்தார். ஊசி போட்டார்கள். பால், தயிர், சோறு எல்லாம் திரும்பி வந்தன. முருகனிடம் மன்னிப்புக் கேட்டு முட்டையும் சேர்த்துக்கொண்டார். சில மாதங்களில் ஏ1சி 5.5-க்கு வந்தது. பாதத்தில் உணர்ச்சி மெல்லத் திரும்பியது. கம்பெனி டாக்டர் அவர் கண்ணைக் கட்டி, காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஏறலாம் என்று எழுதிக் கொடுத்தார். இதைப் படித்துவிட்டு உங்கள் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த நம்பர் சரியாகத்தான் சொல்லும். இரண்டு டெஸ்ட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் டாக்டரிடம் ஏன் என்று கேளுங்கள், அவ்வளவுதான்.

அண்ணன் கிளினிக்குக்கு வந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். போனை நீட்டினார். வேலைக்குப் பேப்பர் கிடைத்துவிட்டது, வீட்டுக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சிஸ்டர் என்றார். திரையில் அவர் மனைவி. சொன்னேன்: "அவரு எதையும் திருடித் தின்னலம்மா. நாங்கதான் தப்பாப் படிச்சிட்டோம்." அந்த அம்மா சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "அப்ப அந்த மூணு மாசமும் அவரு தட்டுல காட்டுனத மட்டுந்தான் சாப்புட்டாரா?"

ஓர் ஆளிடம் 'என்ன தின்னீங்க?' என்று அதட்டுவதற்கு முன் 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பட்டமும், இரண்டு நாட்டு லைசென்ஸும், பதினான்கு வருஷ சர்வீஸும் தேவைப்பட்டன.