எல்லாம் நல்லம் எண்டு சொன்ன மனுசன்

என்ர மனுசன் முந்தி ஜேர்மனியில, டோர்ட்மண்ட்டில ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில சமைச்சுக்கொண்டு நிண்டவர். முள்ளந்தண்டு பழுதான பிறகு, அரசாங்கச் செலவில உம்ஷூலுங் எண்டு புதுத்தொழில் படிச்சு, இப்ப ஒபிஸ் வேலை.

இப்பிடி உடம்பு ஏலாமல் தொழில் மாத்தினவை எப்பிடி இருக்கினம் எண்டு அரசாங்கம் கணக்கெடுக்குதாம். இண்டைக்குப் பின்னேரம் அதுக்காக ஒரு பொம்பிளைப் பிள்ளை இவருக்குப் போன் எடுத்தா. ஸ்பீக்கரில போட்டிருந்ததால நானும் கேட்டுக்கொண்டிருந்தன்.

"உங்கட முதுகுக்கு ஏத்த வசதியெல்லாம் வேலையிடத்தில செய்து தந்திருக்கினமோ?" எண்டு டொச் பாசையில கேட்டா.

"ஓம், எல்லாம் நல்லம்."

"முதுகு நோகிறதோ?"

"இல்லை, இல்லை. உங்களுக்குக் கனக்க நன்றி."

போனை வைச்சவுடன நான் அவரைப் பிடிச்சன். "உயர்த்தி இறக்கிற மேசை இன்னும் வரேல்லை எண்டு ஒவ்வொரு நாளும் எனக்குத்தானே புலம்புறீங்கள்? அதை அவவிட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"படிப்பிச்சு வேலையும் எடுத்துத் தந்தவையிட்டை ஆரும் குறை சொல்லுவினமோ? நீரும் உம்மட கதையும்."

அரசாங்கத்தின்ர கணக்கில இண்டைக்குச் சுகமாயிருக்கிற ஆள் ஒண்டு கூடியிருக்கு.

அந்த ஆள் இப்ப ஹோலில, வெறும் நிலத்தில முதுகை நீட்டிப் படுத்திருக்கிறார். எழும்ப ஏலாதாம்.

அடுத்தமுறை எடுத்தால் போனை என்னட்டைத் தரச் சொல்லியிருக்கிறன். உங்கட வீட்டுக்கும் இப்பிடி எடுத்திருந்தால், ஆர் கதைச்சது?