‘யுஹ்த்’ என்றால் தலைவர்

சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, நியூயார்க் பக்கம் மகள் குடியிருக்கும் மான்மவுத் ஜங்ஷனிலிருந்து கிளம்பினோம். கார் ஓட்டியது மகள் கவிதா. பின் சீட்டில் பக்கத்து வீட்டு மாரெட், மடியில் ஓர் அட்டைப் பெட்டி. நாற்பது மைல் தள்ளி லேக்வுட் பக்கம் எஸ்தோனியர்கள் கூடும் மண்டபம் ஒன்று இருக்கிறது. இறந்துபோன தன் அப்பாவின் பழைய பத்திரிகைகளை அங்கே ஒப்படைத்துவிட்டுக் கை கழுவப் போகிறார் மாரெட்.

நடுவில் நான் எதற்கு? மதுரையில் ஒரு நாளிதழில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவன். மாரெட்டின் அப்பாவுக்கும் எஸ்தோனியாவில் இதே வேலை என்று கேட்டதும் நானாகவே வண்டியில் தொற்றிக்கொண்டேன்.

“அப்பா, ஆன்ட்டி ஏற்கெனவே அப்செட்டா இருக்காங்க. ரொம்ப கொஸ்டின் பண்ணாதீங்க” என்றாள் கவிதா. டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் மூன்று கேள்வி கேட்டுவிட்டேன்.

மாரெட் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். மாஸ்கோ ஆண்ட காலத்தில் அவர் அப்பா வேலை பார்த்தது கம்யூனிஸ்ட் கட்சியின் பத்திரிகை. மாஸ்கோவிலிருந்து வரும் செய்தியை எஸ்தோனிய மொழியில் போடுவார்கள். தணிக்கை அதிகாரியின் முத்திரை விழாமல் வானிலைகூட அச்சேறாது. “நாங்க கடைசிப் பக்கத்துலேர்ந்துதான் படிப்போம். மரண அறிவிப்பு மட்டும்தான் நிஜம்.”

ஒரு நாள் முதல் பக்கத்தில் ‘பெரிய தலைவர்’ என்று வர வேண்டிய இடத்தில் ஓரெழுத்து மாறிவிட்டது. ‘யுஹ்த்’ என்றால் தலைவர். ‘யுஹ்ம்’ என்றால் மந்தபுத்தி. பெரிய மந்தபுத்தி என்று பத்திரிகை ஊர் முழுக்கப் போய்விட்டது. அப்பாவுக்கு வேலை போனது, வீடு போனது, மாரெட்டுக்குக் கல்லூரி போனது. கடைசிவரை ரயில்வே யார்டில் மூட்டை தூக்கினார். “கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம். அம்மா சாகிறவரைக்கும் இதைத்தான் சொன்னா. நானும் சொல்லியிருக்கேன், அவர் முகத்துக்கு நேரா.”

ஒருமுறை ‘அமைச்சர் திறந்தார்’ என்ற தலைப்பை ‘அமைச்சர் இறந்தார்’ என்று விட்டவன் நான். அமைச்சரே போன் செய்து, “நான் உசுரோடதான்யா இருக்கேன்” என்றார். மறுநாள் நான்கு வரியில் திருத்தம் போட்டோம், ஆசிரியர் காது கிழியத் திட்டினார், அவ்வளவுதான். நம் ஊரில் பிறந்ததற்கு லேக்வுட் சாலையில் மனதாரக் கும்பிட்டுக்கொண்டேன்.

பத்து இருபதுக்கு மண்டபம் வந்தது. பைன் மரங்களுக்கு நடுவே பள்ளிக்கூடம் மாதிரி ஒரு கட்டடம். நீண்ட மேசையில் பெட்டியைப் பிரித்தோம். மாரெட் ஒரு தாளை மட்டும் ஒதுக்கி வைத்தார். “இது குப்பை. அந்தச் செய்தியை அச்சுக்கு முன்னாடி திருத்த எடுத்த புரூஃப்தான், ஆனா இதுல ‘யுஹ்த்’னு சரியாத்தான் இருக்கு. ஏன் பத்திரமா வெச்சிருந்தாரோ.”

கேட்டு வாங்கிப் பார்த்தேன். எஸ்தோனிய மொழியில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது. ஆனால் ஓரத்தில் பென்சிலால் போட்ட குறி தெரிந்தது: மாரெட் விரல் வைத்த அதே ‘யுஹ்த்’ வரியில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்க்கச் சொல்லி, கீழே அவர் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார்.

எங்கள் பத்திரிகையிலும் அந்தக் காலத்தில் எழுத்துகளை ஈயத்தில் வரி வரியாக வார்க்கும் அச்சு மிஷின்தான் இருந்தது. ஒரு காற்புள்ளி சேர்க்கக்கூட முழு வரியையும் புதிதாக அடித்து வார்க்க வேண்டும். பழைய பிழை போகும், புதுப் பிழை வரும். அதனால் திருத்திய வரி மறுபடி எங்கள் கைக்கு வந்தாக வேண்டும். அன்று அவசரத்தில் அவருக்குக் காட்டாமலே அச்சில் ஏற்றியிருக்கிறார்கள் என்று பட்டது. மாரெட்டிடம் சொன்னேன்: “உங்கப்பா இந்த வரியைச் சரியாத்தாம்மா படிச்சிருக்கார். பிழை அதுக்கப்புறம் வந்தது.”

“அப்ப இதைக் காட்டியிருக்கலாமே?”

“காட்டினா மிஷின்ல உட்கார்ந்தவர் மாட்டியிருப்பார். அவர் யாரு?”

மாரெட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த மிஷின்காரர் சைபீரியாவில் கைதியாக எட்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய மனிதராம். இன்னொரு முறை போயிருந்தால் திரும்பியிருக்க மாட்டார். “ஒவ்வொரு இலையுதிர் காலத்துலயும் எங்க வாசல்ல ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வெச்சுட்டுப் போவார். கதவைத் தட்டக்கூட மாட்டார். எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாது. அப்பா மட்டும் எதுவும் சொல்லாம எடுத்து உள்ள வைப்பார்.”

கவிதா போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மாரெட் குடிக்கவில்லை. தாளை மார்போடு வைத்துக்கொண்டு தன் மொழியில் ஏதோ சொன்னார். அது எங்களிடம் சொன்னதில்லை என்பதால் நாங்கள் வெளியே வந்து நின்றோம்.

பெட்டியை அங்கே கொடுத்தோம். அந்த ஒரு தாள் மட்டும் எங்களோடு திரும்பியது. மதியம் ஒன்றரைக்கு வீடு.

அடுத்த வாரம் எனக்கு ஊருக்கு விமானம். நயாகராவும் பார்த்தேன், நியூயார்க்கும் பார்த்தேன். ஊரில் கேட்டால் லேக்வுட்டைத்தான் முதலில் சொல்லுவேன். மறுநாள் ஞாயிறு காலை கவிதா வாசலிலிருந்து கத்தினாள்: “அப்பா, யாரோ பத்து பவுண்டு உருளைக்கிழங்கு வெச்சுட்டுப் போயிருக்காங்க! பெல்லுகூட அடிக்கல!”

முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியதற்கு இப்படி ஒரு நன்றி எனக்கு யாரும் சொன்னதில்லை. எதுவும் பேசாமல் எடுத்து உள்ளே வைத்தேன்.