உறை மாற்றிய போன்

எங்கள் சோமனூர் வீட்டுக்கு அந்தப் பெண் மூன்றாம் முறை வந்தபோது முறுக்குச் சுட்டு வைத்திருந்தேன். முதல் முறை வந்தபோது இரண்டு தோசையோடு எழுந்துவிட்டாள், அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கோயமுத்தூரில் என்ஜினீயரிங் படிக்கிறவள். என்னைப் போல வயதான, எழுத்துத் தெரியாத ஆட்களுக்காக ஒரு போன் தயாரிக்கிறாள். அதில் நம்பரே கிடையாது. ஆளின் படத்தைத் தொட்டால் அந்த ஆளுக்குப் போகும். பழகிப் பார்க்க எனக்கு ஒன்று கொடுத்திருந்தாள்.

எனக்கு வேண்டியது ஒரே படம்தான். கோபியில் இருக்கும் என் அக்கா. கண் ஆபரேஷன் முடிந்து தனியாகக் கிடந்தாள். தினமும் அவளோடு பேச வேண்டும், அதுவும் நம்பர் போட்டுக் கொடு என்று பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்காமல்.

ஆனால் தொட்டால் அக்கா படம் நடுங்கும். ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வரும். அது என்னவென்று தொட்டால் அக்கா காணாமல் போய்விடுவாள். எங்கே போகிறாள் என்று போனைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரிதான் ஒவ்வொரு முறையும் அவளைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பாள்.

இதைச் செய்தவளிடம் எப்படிச் சொல்வது? வெயிலில் இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளை. கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்குது கண்ணு" என்றேன். அவள் முகம் மட்டும் தெளியவில்லை.

மூன்றாம் முறை என் போனை வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டு, நீல உறை போட்ட ஒன்றை எடுத்தாள். இது வேறு யாரோ செய்தது, குறை இருந்தால் சொல்லுங்கள் என்றாள். தொட்டேன். இதிலும் அக்கா நடுங்கினாள். அதற்கப்புறம் என் வாயை நிறுத்த முடியவில்லை. செய்தவனுக்கு அக்கா தங்கை யாரும் இல்லையா என்றுகூடக் கேட்டேன்.

அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, இது உங்க போனேதானுங்க. உறைய மட்டும் மாத்துனேன்."

வெட்கத்தில் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு என் விரலையே பார்த்துக்கொண்டு மறுபடி தொடச் சொன்னாள். தறி சுவிட்சை அழுத்திப் பழகிய விரல், வைத்தால் சட்டென்று எடுக்காது. அப்படி விடாமல் அழுத்தினால் படத்தை அழிக்கச் சொல்வதாகப் போன் எடுத்துக்கொள்ளுமாம்.

அடுத்த வாரம் சரிசெய்து கொண்டுவந்தாள். எவ்வளவு நேரம் அழுத்தினாலும் அக்கா அசையவில்லை. நன்றாக இருக்கிறது என்றேன்.

"நெசமாலுமாங்க? இல்ல, உறைய மாத்தட்டுங்களா?"

அவள் எதிரிலேயே அக்காவை அழுத்தினேன். அந்தப் பக்கம் மணி அடித்தது.

"ஏம்புள்ள, ஆரு போட்டுக் குடுத்தா?" என்றாள் அக்கா.

"ஆருமில்லக்கா. நானேதான்."