அடுப்பு இருக்கிறது, பற்றவைக்க அதிகாரம் இல்லை

எங்கள் கலை அறக்கட்டளைக்கு விதிகள் எழுதிய ஐயா, நீர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் போடிமெட்டில் ஒரு மழைக்காலம்கூட நீர் இருந்ததில்லை என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. ஏலக்காய் வியாபாரத்தில் எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பேரம் பேசலாம். அறக்கட்டளை உறுப்பினர் வேலையில் எதிராளி ஒரு தாள். அதன் முகத்தில் என்ன தெரியும்? கோயில் கமிட்டி, பள்ளிக்கூடக் கமிட்டி என்று எதிலாவது பெயரைக் கொடுத்துவிட்டு முழிப்பவர்களே, நீங்களும் கேளுங்கள்.

தானமாக வந்த ஸ்டோர்

மலையிலும் அடிவாரத்திலும் உள்ள கலைகளைக் காக்க அரசாங்கம் ஆரம்பித்த அறக்கட்டளை இது. நான் எட்டாம் வகுப்போடு ஏலக்காய் மூட்டை தூக்கப் போய் வியாபாரியானவன். என்னை எதற்கு உறுப்பினராகப் போட்டீர்கள் என்று கேட்டேன். பேரம் பேச ஒரு ஆள் வேண்டுமாம். முதல் பேரம், மெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டக்காரர் தானமாகத் தர முன்வந்த பழைய ஸ்டோர். ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டடம். கீழே விறகு அடுப்பு. சூடு இரும்புக் குழாயில் அறை முழுக்கச் சுற்றி வரும். வெளியே சாரல் அடித்தாலும் உள்ளே போட்ட சட்டை காய்ந்துவிடும்.

தோட்டக்காரர் தன் பெயரை வாசலில் கதவு உயரத்துக்கு எழுதச் சொன்னார். கத்தி, கும்பிட்டு, கிளம்புவதுபோல் ஜீப்பில் ஏறி இறங்கி, ஒரு முழத்துக்குக் கொண்டுவந்தேன். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் சொன்னார்: "தானம் வாங்குறதுக்கே இந்தப் பேரம் பேசுறீங்க. உங்ககிட்ட ஏலக்காய் வித்தவன் என்ன ஆனானோ."

செல்லத்தாயி கேட்டது

ஸ்டோர் கைக்கு வந்த கையோடு செல்லத்தாயி வந்து நின்றாள். எஸ்டேட்டில் காய் எடுக்கிறவள், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் இருப்பவள். பெண்கள் பறைக்குழு ஒன்றுக்குத் தலைவியும் அவள்தான். மலை ஈரத்தில் பறைத் தோல் தொய்ந்துபோகிறது, சத்தம் வருவதில்லை. அடிவாரத்தில் தேவாரம் ஊர்த் திருவிழாவில் போன வருசம் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இந்த ஐப்பசியிலும் சத்தம் வராவிட்டால், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருந்து செண்டை மேளக்காரர்களைப் பேசிவிடுவார்கள். பறைகளைக் காயவைக்க ஸ்டோரில் இடம் தருவீர்களா என்று கேட்டாள்.

"உங்க வீட்டு அடுப்புல காய்ச்சினா ஆகாதா ஆத்தா?" என்றேன்.

"லயத்துல ஒத்த ரூம்பு. அடுப்புமேல பறையத் தொங்கவிட்டா சோத்த எங்க பொங்குறது, உங்க வீட்டுலயாண்ணே?"

இடிக்கலாம்

இதில் என்ன சங்கடம் வரப்போகிறது என்று நினைத்துத்தான் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். ஸ்டோர் எங்களுடையது. கலையைக் காப்பது எங்கள் கடமை என்று விதியிலேயே இருக்கிறது. கட்டடம் வாங்க, கட்ட, இடிக்கக்கூட அதிகாரம் இருக்கிறது. சட்ட ஆலோசகரான வக்கீல் தம்பி ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அறக்கட்டளை எந்தத் தொழிலும் நடத்தக் கூடாதாம். உலர்த்துகிற அடுப்பைப் பற்றவைத்தால் தொழில் நடத்தியதாக ஆகுமாம்.

"அப்ப ஸ்டோரை இடிக்கலாம், அடுப்பைப் பத்தவைக்கக் கூடாது?"

"ஆமாண்ணே, இடிக்கலாம்."

"உள்ள ஒரு ஏலக்காய்கூட இல்லையேப்பா. பறையத்தானே காயவைக்கிறோம்?" மேசையில் நான் அடித்த அடியில் டீ கவிழ்ந்து அவருடைய பேண்டில் கொட்டியது. துடைத்துக்கொண்டே சொன்னார்: "காயுறது பறையா ஏலக்காயான்னு அடுப்புக்குத் தெரியாதுல்லண்ணே."

துண்டுக்குள் விரல்

எங்கள் பக்கத்துப் பழைய யாவாரிகள் துண்டைக் கைமேல் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அறக்கட்டளைச் செயலாளரைத் தனியாகப் பிடித்து அதையும் செய்து பார்த்தேன். தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள். அசையவில்லை. சரி, திருவிழாவுக்கு முந்தின நாள் மட்டும். கையை உருவிக்கொண்டார்: "நீங்க பிடிக்கிற கை என்னுதுண்ணே. விதி எழுதுன கை எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது."

கண்காட்சிப் பொருள்

கடைசியில் வக்கீல் தம்பியே ஒரு வழி சொன்னார். பறைகளை அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்துவிட்டால் அவை கண்காட்சிப் பொருள். கண்காட்சிப் பொருளை ஈரத்திலிருந்து காப்பது எங்கள் கடமை. அந்தக் கடமைக்காக அடுப்பைப் பற்றவைக்கலாம். சந்தோசத்தில் ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரே லயத்துக்குப் போனேன். செல்லத்தாயி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுதிக்குடுத்த பறைய தேவாரத்துக்கு எடுத்துட்டுப் போலாமாண்ணே?" என்றாள்.

தம்பிக்குப் போன் போட்டேன். போகக் கூடாதாம், கண்காட்சிப் பொருளை வெளியே விட எங்களுக்கு அதிகாரம் இல்லையாம். அதாவது, பறை எங்களுடையது என்றால் காயும், வெளியே போகாது. அவளுடையது என்றால் வெளியே போகும், காயாது. இதை வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். கோபம் வந்தது, யார்மேல் படுவது என்றுதான் புரியவில்லை. செல்லத்தாயிதான் என்னைச் சமாதானப்படுத்தினாள்: "விடுங்கண்ணே. காஞ்ச பறைய நீங்க பாத்துக்கிட்டு இருங்க, நனைஞ்சதை நாங்க அடிச்சுக்கிறோம்."

தேவாரம்

திருவிழா அன்றும் மழை. ஊர்வலம் புறப்படுவதற்கு முன் வைக்கோல் வாங்கிப் போட்டுப் பற்றவைத்து, மேலே நானே குடை பிடித்து நின்றேன். புகைதான் வந்தது. பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே பறையைக் காட்டிக் காட்டி எடுத்தார்கள். முதல் தெருவில் சத்தம் கணீரென்று இருந்தது. சனம் வாசலுக்கு வந்து பார்த்தது. அடுத்த தெருவில் தொய்ந்துவிட்டது. செல்லத்தாயி என் பக்கம் திரும்பவே இல்லை. விழாக் கமிட்டிக்காரர்தான் குடைக்குள் வந்து கேட்டார்: "அடுத்த வருசம் செண்டைக்குப் பேசலாம்னு இருக்கோம். உங்க அறக்கட்டளையில அதுக்கு ஏதும் உதவி கிடைக்குமாண்ணே?"

கிடைக்கும். விதியைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். நிகழ்ச்சிக்கு நிதி தர எங்களுக்குத் தாராளமாக அதிகாரம் இருக்கிறது.

செண்டைக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. ஆகவே ஐயா, நீர் எந்த ஆபீசில் எந்த நாற்காலியில் இருந்தாலும், அதற்குள் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பும், அல்லது ஜீப்பைப் பிடித்து நீரே வாரும்: கலையைக் காக்க எல்லா அதிகாரத்தையும் எங்களுக்குக் கொடுத்துவிட்டு தீக்குச்சியை மட்டும் உம் பையில் வைத்துக்கொண்டீர், வெரசா வந்து நீரே கிழித்துவிட்டுப் போம்.