மடியில் மிளகு மூட்டை

மலைமேல் செம்மேட்டிலிருந்து கீழே இறங்கும் காலை ஏழரை மணி பஸ். பக்கத்து இருக்கைக்காரர் மிளகு மூட்டையை மடியிலேயே வைத்திருந்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உள்ளே கையை விட்டு, ஈரம் ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

"வெளிநாட்டு மொளகு வந்து வெல உழுந்துபோச்சுங்க. மூணு மாசமா விக்காம வெச்சிருந்தேன். இன்னும் வெச்சா பூசணம் புடிச்சிரும், அதான் கீழ விக்கக் கொண்டு போறேன். அந்த மொளகுக்கு வரி போடறதப் பத்தி உலக வியாபாரக் கூட்டத்துல இன்னிக்குப் பேசறாங்களாமா. ஏனுங்க, அங்க மொளகு வெளைய வெக்கிறவங்க யாராச்சும் இருப்பாங்களா?"

"தெரியலீங்க" என்றேன்.

அடிவாரத்தில் இறங்கியவர், மேலே போகும் பஸ்ஸில் ஏறினார். "அந்த வரி முடிவு தெரியட்டுங்க, நாளைக்கு வித்துக்கறேன்."

"மொளகுக்கு ஊரு சுத்திக் காட்டறீங்களா?" என்று கண்டக்டர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்ததாக மறுநாள் செய்தி வந்தது. மலையில் நாளெல்லாம் மழை. இரண்டையும் டைரியில் எழுதினேன். அந்த மூட்டைக்குள் ஈரம் ஏறிவிட்டதா என்பது மட்டும் எனக்குத் தெரியாது.