எட்வின் வெட்டிய மிச்சம்

1998 பெப்ரவரி 11 — 0.21
1998 மார்ச் 2 — 0.09
1998 ஏப்ரல் 19 — 0.03
1998 மே 30 — 0.00

எட்வினின் கணக்குக் கொப்பியிலிருந்து எடுத்தவை இவை. றக்வான மலையில் எங்கள் தோட்டத்தில் அவர் பதினொரு வருடம் தேயிலைக் கொழுந்து நிறுத்தார். அவரை யாருக்கும் பிடிக்காது. தோட்ட அலுவலகமான கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்த எனக்கும் பிடிக்காது. தராசு 14.7 காட்டினால் 14 என்றுதான் எழுதுவார்.

பல்கலைக்கழகத்தில் முதல் வருடத்தோடு நின்றவர், கணிதத்தை விடவில்லை. மின்னேற்றம் கொண்ட கருந்துளையை அண்ட இழை ஊடுருவுமா என்பதே அவர் கேள்வி. வெளியெங்கும் பரவிய ஒரு புலம் பூச்சியமாகிப்போன கோடுதான் இந்த இழை; அதில் தடித்ததும் உண்டு, மெல்லியதும் உண்டு. அது துளைக்குள் நுழைந்தால் துளையின் விளிம்பில் புலம் கொஞ்சமாவது மிஞ்சும். துளை அதை வெளியே தள்ளினால் விளிம்பெங்கும் பூச்சியம். மின்னேற்றம் உச்சத்தில் இருக்கும் துளை எந்த இழையையும் தள்ளிவிடும் என்றார் எட்வின். மேலே உள்ள எண்கள், ஒவ்வொரு முறையும் அவருக்குக் கிடைத்த விளிம்பு மதிப்புகள்.

கணக்குச் சரியானால் உதவி ஆய்வாளர் வேலை தருவதாகக் கொழும்பிலிருந்து ஒரு விரிவுரையாளர் எழுதியிருந்தார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தை விட்டுப் போக எட்வினுக்கு வேறு வழி இல்லை.

ஜூன் 3 அன்று கூட்டல் பார்க்க என்னிடம் தந்தார். முந்நூறு தாள். மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன்: 0.038 வந்த இடத்தில் 0.03, 0.009 வந்த இடத்தில் 0.00. கணக்கின் ஒவ்வொரு படியிலும் மிச்சத்தைக் கீழே வெட்டியிருந்தார். மடுவத்துக்குப் போய்ச் சொன்னேன்.

“அது வெறும் தூசிங்க ஐயா,” என்றார்.

நிறுக்கக் கொழுந்துக் கூடையோடு நின்ற அழகம்மா சிரித்தாள். “எங்க முக்கால் கிலோவும் ஒங்களுக்குத் தூசிதாங்களே. ஆகாசத்துலயும் போயி வெட்டிட்டீங்களா?”

“ஒன் வேலையப் பாரு!”

“பாத்துக்கிட்டுதான் நிக்கிறேன். பதினாலே முக்கால். எழுதுங்க.”

பதினாலு என்று எழுதினார்.

மெல்லிய இழை ஒன்றுக்கு மட்டும், மிச்சத்தை வெட்டாமல் நானே கணக்கைத் திரும்பப் போட்டேன். இருபத்திரண்டு நாள். விளிம்பில் 0.12 வந்தது, இழை உள்ளே போகிறது. தாளைக் காட்டினேன்.

“நான் போறது ஒங்களுக்குப் பொறுக்கலைங்க,” என்று கிழித்துப் போட்டார். ஜூலை 6 அன்று தன் கணக்கின் முடிவையே கொழும்புக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஆகஸ்டில் அங்கிருந்து அந்த முந்நூறு தாளையும் கேட்டார்கள், அனுப்பினார்.

கடைசிக் கடிதத்தை மடுவத்தில் வைத்தே பிரித்தார். தடித்த இழையைத் துளை தள்ளும், மெல்லியது நுழையும், எண்கள் ஒரே பக்கமாக வெட்டப்பட்டுள்ளன, வேலை இல்லை என்றிருந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அடுத்த கூடை அழகம்மாவுடையது. தராசு 13.8 காட்டியது. 13 என்று எழுதினார்.

கடிதம் வந்தது 1998 அக்டோபர் 14.